எந்த நோட்டில் என் பேர்?

கையில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தேன். நீல அட்டை போட்டதில் உதவிக்கு வந்தவர்களின் பெயர்கள். சிவப்பு அட்டை போட்டதில் காற்றில் கூரை போனவர்களின் பெயர்கள். கடைசி வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்து நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். "பாட்டி, உங்க பேரை எழுதிக்கிறேன். சாமான் வந்ததும் ஆள் அனுப்புறோம்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எந்த நோட்டுல எழுதுற? குடுக்கிறவங்க நோட்டுலயா, வாங்குறவங்க நோட்டுலயா?" சிவப்பு நோட்டு ஏற்கெனவே என் கையில் விரிந்திருந்தது. அதைப் பார்த்தார். "அப்ப வேணாம்மா, அடுத்த வீட்டைப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து, போர்வையை உதறி வேலிக் கம்பியில் போட்டார். அவருடைய சமையல்கட்டுக்கு மேலே அந்த நேரத்தில் வானம்தான் இருந்தது.

நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். வேலை நிறைய இருந்தது, யோசிக்க நேரமில்லை. ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது அந்தக் கேள்வி கூடவே வந்து படுத்துக்கொண்டது. மாதங்கள் ஆகியும் போகவில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் செம்பனை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அதெல்லாம் ரப்பர். தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளான பழைய லயத்தில் ஒரு வரிசை இன்னும் நிற்கிறது, பக்கத்தில் தாமான் என்கிற சிறிய குடியிருப்பு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ஒட்டுக்கடை, தோட்டத்து மண்டபம். பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் வேலையில் இருக்கிறார்கள். வீடுகளில் பெரும்பாலும் அவர்களின் அப்பா அம்மாக்கள்தான்.

இருபது நிமிடக் காற்று

பேராக்கில் இருப்பவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று திசை மாறும் இடைவெளியில், மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். அன்றைக்கும் அப்படித்தான். துணி எடுக்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் காற்று இறங்கிவிட்டது. மழை நேராக விழவில்லை, படுத்துக்கொண்டு வந்தது. இருபது நிமிடம்தான். அடங்கியதும் வெளியே வந்து பார்த்தால் லயத்து வரிசையில் பாதிக் கூரை எதிர்த் திடலில் கிடந்தது. ஒரு தகரம் கோயில் அரசமரத்தில் துணி மாட்டினதைப் போல மடங்கித் தொங்கியது. சாலையில் இரண்டு மரம் விழுந்து மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

கூரையைப் பற்றி அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம். லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், இளவயதில் தச்சு வேலை பார்த்தவர், எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். காற்று கூரையை மேலிருந்து அழுத்திப் பிய்ப்பதில்லை. ஓரத்தில் நுழைந்து கீழிருந்து தூக்குகிறது. அதனால் விளிம்பிலும் முகட்டிலும்தான் முதலில் போகும். எங்கள் லயத்தில் அடித்திருந்ததெல்லாம் பழைய ஆணி, சட்டத்தில் கரையான். தூக்கினவுடன் வெண்ணெயில் குத்தின குச்சி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டது. "ஆணி வேணாம்டா, ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ வாங்குங்க. அலைத் தகரத்துல மேட்டுல அடி, பள்ளத்துல அடிச்சா தண்ணி அந்த ஓட்டையிலதான் இறங்கும். ஓரத்துல நெருக்கமா அடி" என்று அண்ணன் ஏணியின் மேலிருந்து கத்துவார். கான்வாஸ் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடினால் பிரயோசனமில்லை. மேலிருந்து வழிகிற தண்ணீர் கான்வாஸுக்கு அடியில் புகுந்துவிடும். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போட்டு, ஓரத்தை ஒரு சட்டத்தில் சுருட்டி, சட்டத்தோடு சேர்த்து அடிக்க வேண்டும்.

மூன்று வீடுகளில் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுகள் உடைந்து கிடந்தன. பையன்கள் அதைக் காலால் மிதித்து உடைத்து மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். நல்லவேளை, மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி ஓடிவந்து நிறுத்தினாள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நோயாகக் கிளம்பும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். விளக்குமாறு போடவே கூடாது. இதை யார் வீட்டில் புயல் அடித்தாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உதவி செய்யப் போன இடத்தில் நோயை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

சுவர்

இந்தக் காற்றுக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஊரில் வேறு ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு இளைஞர்கள், எல்லாரும் இங்கே பிறந்து வெளியூரில் வேலை செய்பவர்கள், தோட்டத்து மண்டபத்தின் பக்கச் சுவரில் பெரிய படம் ஒன்று வரைய வேண்டும் என்று கிளம்பினார்கள். 2012இல் பினாங்கில் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை ஒரு பழைய சுவரில் வரைந்தார். அதற்கப்புறம் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சுவர்ப் படம்தான். ஈப்போவிலும் அவரே வந்து வரைந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வந்ததில் தப்பில்லை. பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் ஒரு அம்மா, தலையில் விளக்கு, இடுப்பில் கூடை, பின்னால் விடியல். இதுதான் படம்.

நான் எதிர்த்தேன். கூட்டத்தில் எழுந்து நின்றே சொன்னேன். லயத்தில் ஒழுகாத வீடு நாலு இருக்குமா? சாயத்துக்கும் பிரஷுக்கும் சேர்க்கிற காசில் எத்தனை தகரம் வாங்கலாம்? வயிறு காய்ந்திருக்கும்போது சுவருக்கு என்ன அலங்காரம் என்று கேட்டேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் பாட்டுக்கு வேலையைத் தொடங்கினார்கள். சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டியவர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை கேட்டார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், யார் ராத்திரியில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறார், எந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக அவர்கள் போகவில்லை. படத்துக்காகப் போனார்கள்.

காற்று அடித்த அன்று மின்சாரம் போன கால் மணி நேரத்துக்குள், படத்துக்காக அவர்கள் வைத்திருந்த புலன (வாட்ஸ்அப்) குழுவின் பெயர் மாறிவிட்டது. 'மண்டபச் சுவர்' என்றிருந்தது 'காற்று உதவி' ஆனது. மூச்சுக் கருவி மாட்டும் பெரியவரை இருட்டுவதற்குள் தாமானில் ஜெனரேட்டர் உள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டு போனார்கள். காது கேட்காத தாத்தாவின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் பின்பக்கமாகப் போய் அவரை வெளியே கூட்டி வந்தார்கள். இருபது வருடமாக ஊர்ச் சங்கத்தில் இருக்கும் எனக்கு அந்த விவரத்தில் பாதி தெரியாது. சாயக் காசுக்குத் தகரம் வாங்கச் சொன்னவள் நான். தகரத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பேசத் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கொடி, கூட்டு, பத்து வெள்ளி

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ஒரு குழு சாமான் மூட்டைகளோடு வந்தது. அரிசி, எண்ணெய், மிலோ, பிஸ்கட். நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு மூட்டையையும் கொடுப்பதற்கு முன்னால் வாங்குபவரை பேனருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் ஆட்களின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பார்த்தேன். யாரும் கோபப்படவில்லை. சிரிக்கச் சொன்னபோது சிரித்தார்கள். கேமரா நகர்ந்ததும் அந்தச் சிரிப்பும் நகர்ந்தது. பாட்டி அந்த வரிசைக்கு வரவே இல்லை.

அப்போதுதான் எனக்கு 2021 ஞாபகம் வந்தது. அந்த ஜூலையில், ஊரடங்கில் வேலை போய்ச் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள் என்று நாடு முழுக்க ஒரு இயக்கம் ஓடியது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கொடியால்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் லயத்தில் இரண்டே கொடிதான் பறந்தது. பாட்டி வீட்டில் இல்லை. அதே வருடம் டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமான் வெள்ளத்தில் மூழ்கியபோது, சேறு கழுவ எங்கள் ஊரிலிருந்து ஒரு லோரி போனது. விளக்குமாறும் வாளியும் பழைய துணியும் ஏற்றினோம். பாட்டி சலவை செய்து மடித்த ஆறு கைலியும் ஒரு பாட்டில் ஊறுகாயும் கொடுத்தார். ஆக, என் நீல நோட்டில் அவர் பெயர் எப்போதோ ஏறியிருக்க வேண்டும். அப்போது நோட்டுப் போட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் 'கொடுப்பவர்', 'வாங்குபவர்' என்று இரண்டு சாதி கிடையாது. கூட்டுக் கட்டுவோம், எல்லாரும் மாதாமாதம் காசு போட்டு முறை வைத்து எடுக்கும் சீட்டு. இந்த மாதம் நான் கொடுத்தால் அடுத்த மாதம் நான் எடுப்பேன். அந்தச் சொல் நாட்டின் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. 1971இல் கூட்டுப் பிடிப்பதைத் தடை செய்து போட்ட சட்டத்தின் பெயரில் இருப்பதே நம்முடைய 'கூட்டு'தான். ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், அதனால் சட்டம் வந்தது, அது சரி. ஆனாலும் வங்கி எட்டிப் பார்க்காத லயங்களில் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் தங்கச்சியின் தாலியும் அதில்தான் வந்தன. சாவு வீடு என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டின் அரிசியும் நம் நாட்டுப் பணத்தில் ஒரு வெள்ளியும் போகும். யாரும் யாரையும் படம் எடுத்ததில்லை. மொய் நோட்டில் எழுதி வைப்பார்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே என்று.

இதையே பெரிதாகச் செய்து காட்டியவர் எங்கள் சுங்கை சிப்புட்காரர். சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான் முதலில் வாங்கினார்கள். நாள் கூலிக்காரனுக்கு அன்றைக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. போட்டவர்கள் அதைத் தர்மமாகப் போடவில்லை, வாங்கியவர்களும் பிச்சையாக வாங்கவில்லை. போட்டவரும் வாங்கியவரும் ஒரே ஆள். பாட்டியின் வீட்டில் அந்தப் பங்குச் சீட்டு ஒன்று கண்ணாடிச் சட்டத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கூரை போன அன்று அவர் முதலில் கழற்றிக் காய வைத்தது அதைத்தான்.

வெட்டுக்கோடு

ஐந்தாம் நாள் காலை மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பாட்டி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெங்காயக் கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கை கழுவ வெளியே போனவர் பக்கச் சுவருக்கு எதிரில் நின்றுவிட்டார். பாதி முடிந்த படம். விடியல் வந்திருந்தது, அம்மாவின் முகம் வந்திருந்தது, மரத்தின் பட்டையும் வெட்டுக்கோடும் பால் பிடிக்கும் மங்கும் வந்திருந்தன.

"யாரு இதை எழுதினது?" என்று கேட்டார். ஓவியத் தம்பி பயந்துகொண்டே முன்னால் வந்தான். "தம்பி, வெட்டு தலைகீழா இருக்குய்யா." அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பாட்டி கீழே கிடந்த ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, படத்து மரத்தின் மேல் வைத்துக் காட்டினார். படத்தில் கோடு வலது பக்கம் மேலே தொடங்கி இடது பக்கம் கீழே இறங்கியது. "இடது கைப் பக்கம் உசரம், வலது கைப் பக்கம் தணிவு. இப்படித்தான் வெட்டணும். பட்டைக்குள்ள பால் நரம்பு சாஞ்சு ஏறுது. நீ எழுதின மாதிரி வெட்டினா நரம்போடயே கத்தி போகும், நிறைய நரம்பு அறுபடாது, பால் குறைஞ்சிரும்." ஈர்க்கைச் சரியான சாய்வில் திருப்பி வைத்தார். நிமிர்ந்த ஒரு கோடும் இல்லை, படுத்த ஒரு கோடும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கோணமானி வைத்தால் முப்பது டிகிரி வரும். முப்பத்தொரு வருடம் ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டிய கை, ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்காமல் அந்தச் சாய்வில் போய் நின்றது. "கத்தி எலும்பைத் தொடக்கூடாது. மரத்துக்குப் புண்ணாயிரும், அந்த இடத்துல பட்டை முண்டு முண்டா வளரும். காசுத்தாளை உரிக்கிற மாதிரி சீவணும்." அவர் கட்டைவிரல் காற்றில் ஒரு பட்டையைச் சீவியது. மற்ற விரல்கள் தாமாகவே மடங்கி, இல்லாத கத்தியைப் பிடித்திருந்தன.

தம்பிக்கு அப்போதுதான் தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்தது. பழைய போட்டோவை புரொஜெக்டரில் சுவரில் விழச் செய்து கோடு போட்டிருக்கிறான். அந்த அம்மா சாலைப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறான். ஆள் திரும்பினால் அழகுதான். மரம் அப்படித் திரும்பாது. நாங்கள் எத்தனை பேர் அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறோம், எங்கள் அம்மாக்கள் எல்லாரும் மரம் வெட்டியவர்கள், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

பாட்டி ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அந்த நீல நோட்டுல எழுதிக்க. அப்புறம் தகரம் எப்ப வரும்னு சொல்லு, நாலு தகரம் வேணும்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மற்றவர்கள் வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள். அன்று சாயங்காலமே இரண்டு நோட்டையும் மூடி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'வேண்டியது', மறு பக்கம் 'முடிந்தது'. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. லோரி அண்ணனுக்கும் 'வேண்டியது' பக்கத்தில் எழுத விஷயம் இருந்தது. சர்க்கரை மருந்து வாங்கி வர ஆள் இல்லையாம், ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவர், தனக்கு என்ன முடியும் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, போன் வைத்துக்கொள்கிறேன், யாருக்கு எப்போது மருத்துவமனைத் தவணை என்று ஞாபகப்படுத்துகிறேன் என்றார். இன்றுவரை செய்கிறார். காலை ஆறு மணிக்கே அழைத்து எழுப்பிவிடுகிறார்.

இன்னும் ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. சாலையில் விழுந்த மரங்களை முதல் நாள் ராத்திரியே வெட்டி அகற்றியது செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தம்பிகள். குலை வெட்டும் கம்பும் செயின்சோவுமாக மழையிலேயே வந்தார்கள், வேலை முடிந்ததும் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்களின் குடியிருப்பிலும் கூரை போயிருக்கிறது என்று. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். எங்கள் தாத்தாக்களைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள் பெயர் சிவப்பிலும் இல்லை, நீலத்திலும் இல்லை. போய்க் கேட்டோம். தயங்கினார்கள். ஒருவன் மட்டும் பெயர் சொன்னான். 'வேண்டியது' பக்கத்தில் எதுவும் எழுத விடவில்லை. அந்த வரி இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறோம்.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். கடைசி வீட்டு வரியில் பாட்டியின் பேரன் கையெழுத்தில் புதிதாக எழுதியிருந்தது. வேண்டியது: முகட்டில் ஒரு தகரம் இன்னும் சொட்டுகிறது. முடிந்தது: சுவரில் வெட்டுக்கோடு திருத்தச் சனிக்கிழமை காலை வருவார், ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.